காய்ச்சல் விட்ட பிறகும் 14 நாள் மாத்திரை எதற்கு?

கேள்வி: நகரியில் விசைத்தறி ஓட்டும் என் தம்பிக்கு வைவாக்ஸ் மலேரியா. குளோரோகுயின் போட்டதும் மூன்றே நாளில் காய்ச்சல் நின்றது. பிரைமாகுயினை ஐந்தாம் நாளே விட்டுவிட்டான். இரண்டு மாதத்தில் மறுபடியும் குளிர் ஜுரம். மாத்திரை போலியா?

பதில்: மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. இரண்டும் வேலை செய்யும் இடமே வேறு.

சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி ஹீமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் 'ஹீம்' (இரும்புள்ள பகுதி) அதற்கே விஷம் என்பதால், பழுப்புப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கும். குளோரோகுயின் அந்தப் படிகத்தை உருவாக விடாது. தின்றதன் கழிவே கிருமியைக் கொல்லும். 60 கிலோ ஆளுக்கு முதல் இரண்டு நாளும் நான்கு நான்கு மாத்திரை, மூன்றாம் நாள் இரண்டு. அட்டையில் 250 மி.கி. என்றிருக்கும், அது பாஸ்பேட் உப்போடு சேர்த்த எடை, அதில் குளோரோகுயின் 150தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்.

ஆனால் வைவாக்ஸ் கல்லீரலிலும் உறங்கும். அங்கே குளோரோகுயின் பலிக்காது, பிரைமாகுயின்தான் வேண்டும். தினம் 15 மி.கி., 14 நாள். ஐந்து நாளில் விட்டால் மிச்சமிருப்பவை விழித்து ரத்தத்துக்கு வந்துவிடும். புதிதாகக் கொசு கடித்தும் வந்திருக்கலாம். எதுவானாலும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா என்றால் மருந்தே வேறு.

வீட்டில் மிஞ்சிய பிரைமாகுயினை எடுத்துப் போட வேண்டாம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.