புள்ளிகளால் வரைந்த நடன ஓவியத்தை வீட்டில் மாட்டுவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: முழுக்கப் புள்ளிகளாலேயே வரைந்த நடன ஓவியம், ஒரு மீட்டர் அகலம். எங்கே மாட்டலாம் சார்?

பதில்: முதலில் ஒரு புள்ளியை அளந்து பாருங்கள். 1 மி.மீ. என்றால், சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும்போது புள்ளிகள் கலந்துவிடும். 3 மி.மீ. என்றால் பத்து மீட்டர் வேண்டும். அவ்வளவு நீளக் கூடம் யாரிடம் இருக்கிறது? கவலை வேண்டாம், முழுக்கக் கலந்தால் படத்தில் உயிர் இருக்காது. புள்ளி தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற தூரத்தில்தான் பாவாடை விளிம்பு துடிக்கும், தூக்கிய கால் இன்னும் இறங்காத மாதிரி இருக்கும். நாற்காலியை அங்கே போடுங்கள். வெயில் விழும் சுவர் மட்டும் வேண்டாம். புள்ளி ஓவியத்துக்குப் பேர்போன பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் ‘கிராண்ட் ஜாட்’ ஓவியத்திலேயே மஞ்சள் புள்ளிகள் பழுப்பேறிவிட்டன. அதற்குக் காரணம் அவர் வாங்கிய துத்தநாக மஞ்சள். உங்கள் ஓவியர் என்ன சாயம் வாங்கினாரோ!

கேள்வி: தங்க நிறச் சட்டம் போடலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் புள்ளிகளை அது அமுக்கிவிடும். வெள்ளைச் சட்டம் போதும். சூரா 1889-90இல் வரைந்த ‘சாஹூ’ நடன ஓவியத்துக்குப் புள்ளிகளாலேயே கரை கட்டியிருக்கிறார்.

கேள்வி: நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் தூரத்தில் பச்சையாகிவிடும்தானே?

பதில்: ஆகாது. சாம்பல்தான் வரும்.

கேள்வி: வண்ணப்பெட்டியில் நீலமும் மஞ்சளும் குழைத்தால் பச்சை வருகிறதே! எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

பதில்: குழைக்கும்போது ஒரு சாயம் விட்ட ஒளியை இன்னொன்று விழுங்குகிறது, இரண்டும் விட்டுவைப்பது பச்சை. புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அப்படி விழுங்குவதில்லை. இரண்டின் ஒளியும் கண்ணில் சேர்ந்து சராசரியாகிறது. நம்பாவிட்டால், வட்ட அட்டையில் பாதி நீலம், பாதி மஞ்சள் ஒட்டி வேகமாகச் சுற்றிப் பாருங்கள். பச்சை வேண்டும் என்றால் ஓவியர் பச்சைப் புள்ளியே வைப்பார்.

கேள்வி: சுற்றினேன். லேசாகப் பச்சை தெரிகிறதே?

பதில்: உங்கள் நீலத்திலேயே பச்சை ஏறியிருக்கிறது. ஊதா சாய்ந்த நீலம் எடுங்கள்.

கேள்வி: எவ்வளவு தூரத்தில் உட்காரலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: என்ன விலைக்குப் போகும்?

பதில்: மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: எதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல். படம் தூரத்தில்தானே, பரவாயில்லையா?

பதில்: வெயில் சார், வெயில்! திரை போடுங்கள்.

கேள்வி: தூசி?

பதில்: ஈரத்துணி தொடவே கூடாது; மேடாக நிற்கும் புள்ளிகள் பெயரும். மென்மையான, உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழே தட்டுங்கள். ஏற்கெனவே உதிர்கிறது என்றால் அதுவும் வேண்டாம், பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.