வாசகர் கேள்வி - பதில்: செவ்வாய்க்குப் போற சண்டை

கேள்வி: விண்வெளிக் கதை எழுதுறேன் சார். சயின்ஸ் கரெக்டா இருந்தா பாடப்புத்தகம் மாதிரி இருக்குன்றாங்க, காமெடி சென்டிமென்ட் வச்சா சயின்ஸ் காணாம போயிடுது. மூணையும் எப்படி சேர்க்கிறது?

பதில்: தனித்தனியா எழுதி வச்சுட்டு அப்புறம் கலக்கப் பாக்குறீங்க போல, அதான் ஒட்ட மாட்டேங்குது. சிரிப்பு, அழுகை ரெண்டையும் சயின்ஸுக்குள்ளயே தேடுங்க. 1969ல நாசாவோட அப்பல்லோ 10 விண்கலம் நிலாவைச் சுத்திட்டு இருந்தப்ப கேபினுக்குள்ள மலம் மிதந்து வந்துச்சு, உள்ள இருந்த மூணு வீரர்களும் என்னுது இல்லப்பா என்னுது இல்லப்பான்னு சொன்னதெல்லாம் நாசா பேச்சுப்பதிவுலயே இருக்கு. யாரும் ஜோக் எழுதல, கீழ விழ வேண்டியது விழல, அவ்ளோதான்! அழுகையும் அப்படித்தான், அங்க கண்ணீர் கன்னத்துல வழியாது, கண்ணு மேலயே உருண்டையா ஒட்டிக்கும். 2013ல கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் கண்ணுல தண்ணி விட்டு வீடியோவுலயே காட்டினாரு. இப்ப உங்க நாயகி ஹெல்மெட் போட்டுட்டு வெளிய வேலை பாக்குறா, துடைக்கவும் முடியாது, ஸ்க்ரூவும் தெரியல. இதுக்கு மேல சோக மியூசிக் எதுக்கு?

கேள்வி: அப்பா செவ்வாய்ல, பொண்ணு பூமியில, வீடியோ கால்ல சண்டை. சிக்னல் லேட்டாகும்னு ஃப்ரெண்ட் சொல்றான். சீனைத் தூக்கிடவா?

பதில்: ஐயோ, அதுதான் சீனே! ரெண்டு கிரகமும் கிட்ட இருந்தா ஒரு வழிக்கு சுமார் 3 நிமிஷம், எட்டப் போனா 22 நிமிஷம் வரைக்கும் ஆகும். 20ன்னு வச்சுக்குவோம். பொண்ணு கோவத்துல ஒரு வார்த்தை விட்டுடுறா, அஞ்சு நிமிஷத்துல மனசு கேக்காம சாரி அனுப்புறா, ஆனா அந்த சாரி போய் சேர்றதுக்குள்ள அப்பா முதல் வார்த்தையைக் கேட்டு பதிலுக்கு நல்லா திட்டி அனுப்பிட்டாரு. அந்தத் திட்டு இனி வந்துதான் தீரும், அவராலயே தடுக்க முடியாது, பொண்ணுக்கோ சாரிக்குத்தான் இந்த பதிலோன்னு தோணும். இதையே காமெடியாவும் திருப்பலாம், அப்பா சொன்ன ஜோக்குக்கு அவ சிரிச்ச சிரிப்பு 40 நிமிஷம் கழிச்சு வருது, அதுக்குள்ள அவர் ஏர் லீக்காகுதுன்னு சொல்லி முடிச்சிருப்பாரு. ஒளிவேகம்னு ஒரு பாரா விளக்கம் மட்டும் வைக்காதீங்க, சுவர்ல ஒரு கடிகாரம் போதும்.

கேள்வி: விண்வெளியில வெடிச்சத்தம் வைக்கலாமா?

பதில்: வெளியில காத்து இல்ல, கேக்காது. உடைஞ்ச துண்டு வந்து கப்பல் சுவர்ல மோதினா உள்ள இருக்கவனுக்குக் கேக்கும், கேமராவை உள்ள வைங்க.