அப்ளிக் செய்த செங்காந்தள் பூவின் ஓரம் பிரிகிறதே, என்ன செய்யலாம்?

சென்னிமலைப் போர்வையில் திருப்பூர் பனியன் வெட்டுத்துணியில் செங்காந்தள் பூவை வெட்டி, மேலே வைத்து அப்ளிக்காகத் தைத்தேன், ஓரம் சுருண்டு பிரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணமே அந்தத் துணிதான். பின்னல் துணி இழுபடும், வெட்டிய ஓரம் சுருளும். நெய்த பருத்தித் துணிக்கு மாறுங்கள். வெட்டும் முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.

வரைந்த கோட்டுக்கு வெளியே 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். உள்வளைவில் மட்டும், கோட்டைத் தொடாமல், சின்னச் சின்னதாக நறுக்கிவிடுங்கள். ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே தள்ளித் தள்ளி, நூல் வெளியே தெரியாமல் நெருக்கமாகத் தையுங்கள்.

அப்புறம் பூ. தாராபுரம், மூலனூர்ப் பக்கம் செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடும் காடு இருக்கும், பூக்கும் காலத்தில் நேரில் போய்ப் பாருங்கள். ஆறு இதழ், அலையலையான ஓரம், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இந்த நிறமாற்றம் நூலில்தான் வரும். இதழை மஞ்சள் துணியில் வெட்டித் தைத்துவிட்டு, ஆறிழைச் சிவப்பு நூலில் ஓர் இழையை மட்டும் பிரித்து, நுனியிலிருந்து அடியை நோக்கி நீளமும் குட்டையுமான தையல்களாக இறக்குங்கள். இலைநுனி கொடிபோலச் சுருளும், அதற்குக் கோடுபோல ஓடும் காம்புத் தையல் (stem stitch) சரி. அந்தச் சுருளை மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்தச் செடியில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.