திபெத்திய மருத்துவர் பங்கியென் எழுதித் தந்தார், கடையில் கிடைத்தது ஜென்ஷியன் வேர்ப்பொடி: தொண்டைக்குக் குடிக்கலாமா?

குடிக்காதீர்கள். பங்கியென் பூ மருந்து, உங்களிடம் இருப்பது வேர். இரண்டும் ஜென்ஷியன் என்ற ஒரே பேரினம்தான் என்றாலும் செடி வேறு, வேலையும் வேறு.

திபெத்திய மருத்துவத்தில் வெள்ளை பங்கியென் என்றால் ஜென்ஷியானா அல்ஜிடா, அதன் நெருங்கிய உறவுச் செடிகள். கசப்பும் குளிர்ச்சியும் உள்ள இந்தப் பூவை நுரையீரல் சூடு, இருமல், குரல் கம்மல் இவற்றுக்குக் கொடுப்பார்கள். வேருக்குப் பெயர்போனது கிச்சே, அதாவது ஜென்ஷியானா ஸ்ட்ராமினியா வகை. அது மூட்டுவலிப் பக்கம் போகும் மருந்து.

கடைக்காரர் வெறும் 'ஜென்ஷியன்' என்று தேடிக் கொடுத்திருப்பார். அப்படித் தேடினால் பெரும்பாலும் ஐரோப்பிய மஞ்சள் ஜென்ஷியன் (லூட்டியா) வேர்தான் வரும். பொட்டலத்தின் சீட்டில் முழுத் தாவரப் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, எல்லாமே கடுங்கசப்பு. ஆகவே பொடியாக வாங்காதீர்கள். முழுப் பூவாக வாங்கி வெந்நீரில் ஊறவைத்து விரித்துப் பாருங்கள்: நாலைந்து செ.மீ. நீளப் புனல், வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை, அதில் நீலப் புள்ளியோ கோடோ தெரிய வேண்டும்.

பங்கியெனைத் தனியாகக் கொடுப்பதை விட 'பங்கியென் 15' போன்ற கூட்டு மாத்திரையாகத் தருவதே வழக்கம். மருத்துவர் சொன்னது அதுவா என்று முதலில் கேளுங்கள்.

ஒன்று முக்கியம்: காட்டில் பறித்த லூட்டியா வேரில் நச்சுள்ள வெராட்ரம் வேர் கலந்து வாந்தி, நாடித்துடிப்புக் குறைவு வந்ததுண்டு. வயிற்றுப்புண் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பொடியைத் தொடவே வேண்டாம்.