தீவிரவாதிகளின் பேச்சையும் எழுத்தையும் நாமே படித்துத்தான் அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமா?

கேட்டவர் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளையாக இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டில் தம்பியின் போனிலோ மகனின் போனிலோ எதையோ கண்டுவிட்டுத் தூக்கம் வராமல் கேட்டிருக்கலாம். இரண்டாவது என்றால் உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

படிக்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் தனியாக, நடு இரவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அல்ல.

நான் கொழும்பு தெமட்டகொடையில் பிறந்து வளர்ந்தவன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையில் மொழிபெயர்ப்பதுதான் இருபது வருடமாக எனக்குச் சோறு போடுகிறது. நான் மௌலவி இல்லை, மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. "தன் ஆட்களைக் காப்பாற்ற எழுதுகிறான்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் குண்டுவெடிப்பில் என்னோடு படித்தவன் ஒருவனுடைய மாமி இறந்துபோனார். செவ்வாய்க்கிழமைகளில் மதம் பார்க்காமல் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும் கோயில் அது. அன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு எல்லாம் சேர்த்து 250க்கும் மேற்பட்ட உயிர் போனது. மத்தியானம் எங்கள் தெமட்டகொடையிலேயே, சோதனைக்குப் போன பொலிஸார் மூன்று பேர் ஒரு வீட்டுக்குள் குண்டுவெடித்துச் செத்தார்கள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கேட்டது. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்குகிற எண்ணம் எனக்கு இல்லை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். வீடு வீடாகச் சோதனை. எந்தப் புத்தகம் இருந்தால் பிடிப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அரபு எழுத்து இருந்தாலே போதும் என்று பேச்சு. (ஹசலக்கையில் ஒரு பெண் உடுத்திருந்த சட்டையில் கப்பல் சுக்கான் படம் இருந்தது. அதைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நிலைமை அப்படி.) என் வாப்பா மௌத்தாகி அப்போது ஆறு வருடம். அவருடைய அலுமாரியில் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள், பழைய மாத இதழ்கள், நபியைப் புகழ்ந்து ஓதும் மௌலிதுப் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. இரவு பத்து மணிக்கு உம்மா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வாப்பாட கிதாபையெல்லாம் என்ன செய்ற? ஆமி வந்தா என்ன சொல்ற?" எரித்தால் புகை வரும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அதனால் குளியலறையில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, பக்கம் பக்கமாகக் கிழித்து ஊறவைத்தோம். பச்சை அட்டையின் சாயம் கரைந்து தண்ணீர் பாசி நிறமாகியது. கூழானதைக் கையால் பிழிந்து குப்பைப் பையில் கட்டினேன். குர்ஆன் தர்ஜுமா (மொழிபெயர்ப்பு) ஒன்றை மட்டும் உம்மா தொட விடவில்லை. அதில் ஓரமெல்லாம் வாப்பாவின் பென்சில் குறிப்பு.

அன்று நாங்கள் கரைத்த கிதாபுகளில் பாதி, குண்டு வைத்த அந்தக் கூட்டம் "வழிகேடு" என்று திட்டித் தீர்த்த கிதாபுகள். மௌலிது ஓதுகிறவர்களையும் தரீக்காக்காரர்களையும் (சூஃபி வழியினரையும்) அந்தக் கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம் எவ்வளவு கேவலமாகப் பேசினான் என்பது அவனுடைய ஊரான காத்தான்குடிக்கே தெரியும். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அடிதடியாகி, அவன் ஊரை விட்டே ஓடினான். முஸ்லிம்களிடமிருந்தே முறைப்பாடுகள் போயின. அவன் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) எந்தக் கிதாபிலும் இல்லை, யூடியூபிலும் பேஸ்புக்கிலும் இருந்தது, ஆளாளுக்குப் போனில் இருந்தது. நாங்கள் அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்தோம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் ஓர் ஆய்வு நிறுவனம் (பெயர் வேண்டாம்) என்னிடம் பயான் ஒலிப்பதிவுகளைத் தந்தது. பலர் பேசியவை, அவனுடையதும் உண்டு. கேட்டு எழுதி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்க்க வேண்டும். கூடவே பின்னணிக்காக ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) இயக்கத்தின் ஆங்கில இதழிலிருந்து சில பக்கங்கள். முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது என்பதை மறைக்கப் போவதில்லை. ஏதோ பேய் பேசப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போட்டுக் கேட்டால், நல்ல கிழக்கிலங்கைத் தமிழ். ஏற்ற இறக்கம், அடுக்குச் சொல், நடுவில் ஒரு கதை. பக்கத்து வீட்டுப் பொடியன் பேசுவது போல. கால் மணி நேரத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அதை உணர்ந்ததும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

மொழிபெயர்ப்பவன் சொல்லுக்குச் சொல் நின்றுதான் போக வேண்டும், தாவ முடியாது. அப்படி நின்று போனதால்தான் பிடிபட்டது. பேச்சு எப்போதும் ஓர் உண்மையான காயத்தில் தொடங்கும். முஸ்லிம்களுக்கு எதிராக 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனவிலும் நடந்த கலவரங்கள். எரிந்த கடைகள் பொய்யில்லை, பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸும் பொய்யில்லை. அதுவரை "நம்ம ஊர், நம்ம பள்ளி, நம்ம உம்மாமார்" என்று போகும். இருபது நிமிடத்தில் பார்த்தால் பள்ளிவாசல் நிர்வாகம் "அவங்க" ஆகியிருக்கும். பிறகு மௌலவிமார் "அவங்க". பிறகு தரீக்காக்காரர். கடைசியில் "நாங்க" என்றால் பேசுகிறவனும் கேட்டுக்கொண்டிருக்கிற பொடியனும் மட்டும்தான். வேற்று மதத்தவன் பேச்சுக்குள் வருவதற்கு முன்னமே நம்மை நம் வீட்டிலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். "நம்ம" என்பது கேட்பவனின் வீட்டையும் சேர்த்துக்கொள்ளும், இந்த "நாங்க" சேர்த்துக்கொள்ளவில்லை. சிங்களத்தில் இரண்டுக்கும் "அபி" ஒன்றுதான், ஆங்கிலத்திலும் "வீ" ஒன்றுதான். அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் குறிப்பு எழுதினேன்.

அந்தக் குறிப்புகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். "மொழிபெயர்ப்பாளர் கருத்துச் சொல்லத் தேவையில்லை" என்று மின்னஞ்சல். அது கருத்தா? பேச்சின் முதுகெலும்பே அது. காசும் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது, அதுவும் தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு விலை, ஆங்கிலப் பக்கத்துக்கு அதைவிட ஒன்றரை மடங்கு விலை. வேலை ஒன்று, கண்வலி ஒன்று, தமிழ் என்றால் மலிவு. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. இன்றும் என் பகுதியில் தமிழ் பேசுகிறவர் பொலிஸுக்குப் போனால் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்பீர்கள். அப்படியே இருக்கட்டும், எனக்குச் சொல்லியாக வேண்டும்.

சம்பந்தம் இல்லாமலும் இல்லை. 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிடித்தார்கள். 2017இல் வந்த அவருடைய 'நவரசம்' தொகுப்பு தீவிரவாதம் பரப்புகிறதாம். அது தமிழ்க் கவிதை. அதற்குள் தீவிரவாதத்தைக் கண்டிக்கிற கவிதையே இருக்கிறது. தமிழ் தெரிந்தவன் ஒரு பிளேன் டீ குடிக்கிற நேரத்தில் வாசித்துச் சொல்லியிருப்பான். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. வருடக்கணக்காகத் தமிழில் வெறுப்பைப் பரப்பியவன் கடைசி நாள்வரை வெளியே இருந்தான், அதைக் கண்டித்துத் தமிழில் எழுதியவர் உள்ளே இருந்தார். "படிக்கவே கூடாது, தடை செய்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, தடை செய்வதற்காவது முதலில் படிக்க வேண்டாமா?

இப்போது அந்த ஆங்கில இதழ். 'தாபிக்' என்று பெயர், 2014 முதல் 2016 வரை வந்தது. 2015 பெப்ரவரியில் வந்த ஏழாவது இதழில் "சாம்பல் நிறப் பகுதியை ஒழிப்பது" பற்றி நீளமான ஒரு கட்டுரை. அவர்கள் கணக்கில் உலகம் கறுப்பும் வெள்ளையும். நடுவில் சாம்பல் நிறம் என்பது என்னையும் உங்களையும் போல, அடுத்த மதத்துக்காரனோடு ஒரே தெருவில் கடை வைத்து, கல்யாணத்துக்குப் போய், சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ்கிறவர்கள். தாக்குதல் நடக்க நடக்க அந்த இடம் சுருங்கும், முஸ்லிமுக்குத் தன் ஊரில் இருக்க முடியாமல் போகும், பிறகு தங்களிடம் வருவதைத் தவிர வேறு வழி இராது என்பதுதான் அதன் சாரம். ஒளிக்காமல் அச்சிலேயே போட்டிருக்கிறார்கள். நான் வாசித்தது ஜூன் மாதம், மே மாதம் முடிந்த பிறகு.

மே மாதத்தில் என்ன நடந்தது? நோன்பு காலம். சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில், "ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்" என்ற பொருளில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதை அடுத்த குண்டுக்கான மிரட்டல் என்று வாசித்தார்கள். மறுநாள் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. புத்தளம் மாவட்டத்தில் ஒரு தச்சரை அவருடைய பட்டறையிலேயே வெட்டிக் கொன்றார்கள். ஊரடங்கு. எரித்தவர்கள் தாங்கள் ஸஹ்ரானுக்கு எதிராக எழும்பியதாக நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த ஏழாவது இதழில் என்ன வேண்டுமென்று எழுதியிருந்ததோ, அதைத்தான் செய்து கொடுத்தார்கள். அந்தக் கட்டுரையைச் சிங்களத்தில் ஒருவர் முன்பே நன்றாக விளக்கி எழுதியிருந்தால் நாலு பேராவது நின்று யோசித்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன். படிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காக.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன் என்று வேண்டாம். 2018இல் அம்பாறையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று ஒரு முஸ்லிம் கடையை உடைத்தபோது பரவிய சிங்களப் பதிவுகளையும் பிறகு படித்தேன். பரிசோதித்ததில் அது வெறும் மாவுக் கட்டி. அங்கும் இதே எலும்புக்கூடுதான். முதலில் ஒரு பயம், பிறகு பொறுமையாக இருக்கச் சொல்லும் சொந்தப் பிக்குகள் மீது ஏளனம், பிறகு "இன்றைக்கு விட்டால் நாளைக்கு இல்லை" என்ற அவசரம்.

ஏன் தனியாகப் படிக்கக் கூடாது? என் ராத்தாவின் (அக்காவின்) மகனுக்கு அப்போது பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். என் வேலைக்கு வந்திருந்த பயான் ஒன்றின் துண்டு அவன் போனில் முன்பே இருந்தது. ராத்தா அழுதுகொண்டு வந்து போனை உடைக்கச் சொன்னார். நான் உடைக்கவில்லை, அவனைப் பக்கத்தில் இருத்தி அதையே போட்டேன். பேசுகிறவர் குர்ஆனில் சூரா தவ்பாவின் ஐந்தாவது ஆயத்தில் (வசனத்தில்) பாதியை, கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்ற பகுதியை மட்டும், உரக்க ஓதுகிறார். நிறுத்திவிட்டு வாப்பாவின் தர்ஜுமாவை அவனிடம் கொடுத்தேன். அதே ஆயத்தின் பின்பாதியையும் அடுத்ததையும் வாசிக்கச் சொன்னேன். ஆறாவது ஆயத்து, இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், அல்லாஹ்வின் பேச்சைக் கேட்கவிட்டு அவரைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. அந்த இடத்தில் வாப்பா இரண்டு கோடு போட்டிருந்தார். மருமகன் இரண்டு தரம் வாசித்தான். "இத ஏன் மாமா அவர் ஓதல்ல?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, மறுபடி போடச் சொன்னான், போட்டேன்.

ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பல மாதம் வாதாடினான். சில கேள்விகளுக்கு என்னால் முடியாமல் தெரிந்த ஹஸ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் கூட்டிப்போனேன், அவர் கோபப்படாமல் மூன்று மணி நேரம் கதைத்தார். போனை உடைத்திருந்தால் இதெல்லாம் நடந்திராது.

அப்புறம், எதையும் இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள், நண்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். நம் நாட்டுச் சட்டத்தில் ஏன் வைத்திருந்தாய் என்பதை விளக்குவதற்குள் வருடங்கள் போய்விடும். ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி விளக்கியிருப்பதைப் படியுங்கள். தம்பிக்காகக் கேட்டிருந்தால் தம்பியையும் உட்காரவைத்துப் படியுங்கள்.

அந்தத் தர்ஜுமா இப்போது மருமகனிடம்தான் இருக்கிறது. வாப்பாவின் பென்சில் குறிப்புகளுக்குப் பக்கத்தில் அவன் நீலப் பேனாவால் எழுதிவைக்கிறான். பேனாவால் எழுதாதே, அழிக்க முடியாது என்று உம்மா இன்றும் அவனோடு சண்டை பிடிக்கிறார்.