காரின் பின் சக்கரத்தில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்ட பிறகு பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறதா?

இரண்டு முறை ப்ளீட் செய்தும் (பிரேக் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றியும்) பெடல் பாதி தூரம் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பம்பை) மாற்றக் கிளம்பாதீர்கள், முதலில் பின் காலிப்பர்களின் (டிஸ்கைப் பேடுகளால் பிடிக்கும் பாகங்களின்) ப்ளீடர் நிப்பிள், அதாவது காற்றை வெளியே விடும் திருகு, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அது உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், மேலே தங்கிய காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வெளியே வராது. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இப்படித் தொலைத்தவன்தான்.

நிப்பிள் சரியாக இருக்கிறதா? அப்புறம் பெடலை வேகமாக நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள். மேலே வந்து கல் மாதிரி நின்றால் காற்று இல்லை, பேடுக்கும் டிஸ்குக்கும் இடைவெளி அதிகம். ஹேண்ட்பிரேக் சேர்ந்தே வரும் காலிப்பர் என்றால் கேபிளைத் தளர்த்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, கடைசியில்தான் கேபிளை இழுக்க வேண்டும். மேலே வந்தும் பஞ்சு மாதிரியே இருந்தால் காற்றுதான்.

ஒன்று: பெடல் சரியானதும் நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். பழைய டிரம் பிரேக்குக்கென்று வைத்த பிரஷர் வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) அப்படியே இருந்தால் முன் சக்கரத்துக்கு முன்னால் பின் சக்கரம் லாக் ஆகலாம், மழையில் வண்டி சுழன்றுவிடும். காலி மைதானத்தில் மெதுவான வேகத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.