கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது?

கேள்வி: மதுரையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் இங்கிலாந்தில், நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று வயதில் ஒரு மகன். எதிர் வீட்டு அம்மா பார்க்கும்போதெல்லாம் "ஒரு நாள் டீக்கு வாங்க" என்கிறார், ஆனால் என்றைக்கு என்று சொல்வதில்லை. ஊரில் ஏதேதோ கிளப்புகள் நடக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சர்ச் மணிகூட ஒரு மணி நேரம் அடிக்கிறது. யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. பேசாமல் நம் ஆட்கள் நிறைய இருக்கும் லெஸ்டருக்கே போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

வீடு தேடி வந்து, தட்டில் பத்திரிகை வைத்து, குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால்தான் போக வேண்டும் என்று பழகி வளர்ந்தவர்கள் நாம். உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் இங்கிலாந்துக் கிராமத்தில் கிளப்புக்கு ஆள் சேர்க்க யாரும் வீடு வீடாக வருவதில்லை. ஊர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவார்கள், சர்ச் இதழில் இரண்டு வரி போடுவார்கள். 'எல்லோரும் வரலாம்' என்று அதில் இருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான். வேறு அழைப்பு வராது. அதற்காகக் காத்திருந்து இன்னும் எட்டு மாதத்தை வீணாக்காதீர்கள்.

எதிர் வீட்டு அம்மா பொய் சொல்லவில்லை. அது அங்கே ஒரு மரியாதைப் பேச்சு. நீங்களே முந்திக்கொண்டு, "வியாழக்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறீர்களா?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். அநேகமாக வருவார்.

முதலில் மகனைக் கூட்டிக்கொண்டு வில்லேஜ் ஹாலில் நடக்கும் குழந்தைகள் குழுவுக்குப் போங்கள். இங்கிலாந்தில் பிள்ளைகள் நான்கு வயது முடிந்ததும் வரும் செப்டம்பரில் பள்ளி சேர்கிறார்கள். இன்றைக்கு அந்த ஹாலில் தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் சிலரைத்தான் நாளைக்குப் பள்ளி வாசலில் தினமும் பார்க்கப் போகிறீர்கள். அதற்குள் நாலு பேர் பழக்கமாகிவிட்டால் உங்களுக்கும் தெம்பு, அவனுக்கும் தெம்பு.

அடுத்தது விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற பெண்கள் சங்கம். ஊரில் எல்லோரும் டபிள்யூ.ஐ. என்பார்கள். 1897-இல் கனடாவில் தொடங்கியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் வேல்ஸில் ஆங்கில்சி தீவிலுள்ள ஒரு கிராமத்துக்கு வந்தது. கிராமத்துப் பெண்களை ஒன்றுசேர்த்து, போர்க்கால உணவு உற்பத்தியில் ஈடுபடுத்துவது அன்றைய முக்கிய நோக்கம். இப்போது பெரும்பாலும் மாதம் ஒரு கூட்டம், ஒருவர் வந்து பேசுவார், அப்புறம் டீயும் கேக்கும். பணம் கட்டிச் சேரும் முன் விருந்தினராகப் போய்ப் பார்க்கலாம். அங்கே இருப்பவர்கள் நம் அம்மா, பாட்டி வயதாக இருக்கலாம். அதற்காகத் திரும்பிவிடாதீர்கள். நல்ல பிளம்பர் யார், எந்தப் பாதையில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புது ஊரில் நமக்கு இல்லாமல் போவது அந்த மாதிரிப் பெரியவர்கள்தானே.

எங்கே போனாலும் ஒன்று செய்யுங்கள். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவுங்கள், நாற்காலிகளை அடுக்குங்கள். மேடைக்கு எதிரே உட்கார்ந்து பேசாத ஆட்கள் ஈரத்துணியும் கையுமாக நிற்கும்போது தாராளமாகப் பேசுவார்கள். வில்லேஜ் ஹால்களில் பல, முதல் உலகப் போரில் இறந்த ஊர்க்காரர்களின் நினைவாகக் கட்டப்பட்டவை. சுவரில் பெயர்ப் பட்டியல் இருந்தால் நின்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவற்றை நடத்துவது சம்பளம் வாங்காத ஊர்க்காரர்களே, ஆள் எப்போதும் பற்றாது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டவரை ஊர் தன் ஆளாகப் பார்க்கத் தொடங்கும்.

நீங்கள் கணக்கு வேலை பார்த்தவர் என்பதையும் சொல்லி வையுங்கள். பொருளாளர் கிடைக்காமல் திண்டாடும் கிளப்புகள் நிறைய. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் வடை சுட்டுக்கொண்டு போனால் பாராட்டுவார்கள், சந்தோஷமாகக் கொண்டு போங்கள் (முந்திரி, வேர்க்கடலை சேர்த்திருந்தால் மறக்காமல் சீட்டில் எழுதி வையுங்கள்). ஆனால் 'வடை கொண்டுவரும் பெண்' என்பதோடு உங்கள் அடையாளம் நின்றுவிடக் கூடாது.

அந்த மணியோசையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பயிற்சி நேரமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மணியின் கயிற்றையும் ஒருவர் பிடிப்பார். பாட்டு எதுவும் வாசிப்பதில்லை, மணிகள் ஒலிக்கும் வரிசையை ஒரு விதிப்படி மாற்றிக்கொண்டே போவார்கள். 6 மணிகள் இருந்தால் 720 வரிசைகள். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த கலை இது. எண்களோடு பழகிய உங்களுக்குப் பிடித்துப்போக நிறைய வாய்ப்பு உண்டு. புதியவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுத் தருவார்கள். சாமி கும்பிடப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் பல கோபுரங்களில் இல்லை. அந்த ஒரு சாயங்காலம் மகனை உங்கள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். ஷிஃப்ட் இருக்கிறது என்பார். மற்ற நாட்களில் இருக்கட்டும், அந்த நாளை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை யாரும் சரியாகப் பேசாமல் போகலாம். அது பெரும்பாலும் கூச்சம்தான். அதே இடத்துக்கு, அதே நாளில் விடாமல் போங்கள். ஆனால் நிறத்தையோ நாட்டையோ வைத்து யாராவது இழிவாகப் பேசினால் அது கூச்சம் இல்லை, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவர் கண்டுகொள்ளாவிட்டால் அந்த கிளப் உங்களுக்கு வேண்டாம்.

லெஸ்டருக்குப் போவது தப்பில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய் வாருங்கள், தமிழ் பேசி மனசு ஆறட்டும். வீடு மாற்றும் முடிவை மட்டும் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். பேரிஷ் கவுன்சில் என்பது 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊராட்சி, சர்ச் குழு அல்ல. நீங்கள் இந்தியக் குடியுரிமையோடு அங்கே முறையாக வசிப்பவர். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அந்தத் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் வருடம் ஒரு முறை ஊர்க் கூட்டம் நடக்கும். வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம். உங்கள் மகன் ஆடும் ஊஞ்சல் உடைந்து கிடந்தால் கேட்க வேண்டிய இடம் அதுதான். வாக்காளர் பட்டியலில் நீங்கள் இருவரும் இன்னும் பெயர் சேர்க்கவில்லை என்றால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.